பின்கால் குட்டையான கதிரை

ஜூலை 24, செவ்வாய்

சோளகக் காற்று. பல்லுக்குள் மணல். இன்றைக்குத் தலைமன்னார்க் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: நான், திரேசம்மா. என் மகள் ஸ்டெலா. தையல் மெசினில் ஜெசிந்தா. எருக்கலம்பிட்டியில் இருந்து பாய் இழைக்க வரும் பாத்துமுத்து. கொழும்பில் இருந்து வந்த டிசைன் பிள்ளை ஷிவானி. அவள் கூட்டி வந்த வெள்ளைக்காரக் கமராக்காரன். வாசலில் ஒரு கழுதை. வேறு ஒருவரும் இல்லை. பிறகு யாராவது தானும் அங்கே நின்றதாகக் கதை விட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

இந்தக் கொப்பி கொழும்பு ஆட்கள் தந்தது. பனையோலை மட்டை, உள்ளே நல்ல தாள். மூலை வளைந்துவிட்டதாம், விற்க ஏலாதாம். வளைந்ததெல்லாம் எங்களுக்கு. நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்துப் பிழைக்கும். ஞாபகம் பிழைக்காது.

வேலை என்னவென்றால் பை தைப்பது. சிலேற்று அளவில் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறது, ரப்லெட் என்கிறார்கள், விரலால் தடவினால் படம் ஓடும். அதைப் போட்டுக்கொண்டு திரிய ஒரு பை. வெளிப்பக்கம் பாத்துமுத்துவின் பாய் இழை. உட்பக்கம் பழைய தறப்பாள். புதுத் தறப்பாள் வேண்டாமாம், கறை பிடித்ததுதான் அழகாம். இந்தியாவில் இருந்து திரும்பி வந்த முதல் மாரிக்கு நாங்கள் கூடாரமாகக் கட்டிய தறப்பாளை ஸ்டெலா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. அதற்குக் கீழே படுத்து நாங்கள் நனைந்தோம். இனி எங்கேயோ ஒருத்தியின் கண்ணாடிப் பலகை அதற்குள் நனையாமல் படுக்கும்.

பையோடு ஒரு அட்டை தொங்குமாம். அதில் தைத்தவளின் படமும் இரண்டு வரிக் கதையும். படம் எடுக்கப்போகிறார்கள் என்று நான் மடுத் திருவிழாவுக்கு எடுத்த நீலச் சீலை உடுத்துப் போனேன். பிள்ளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆச்சி, வீட்டுல உடுக்கிற சிம்பிளான சீலை ஒண்டும் இல்லையா?"

"இருக்கு, பிள்ளை. அது வீட்டில உடுக்க."

கமராக்காரன் சிரிக்க வேண்டாம் என்று கையால் காட்டினான். நான் அதுவரை சிரிக்கவில்லை. அப்போதுதான் சிரிப்பு வந்தது. கடைசியில் முகம் வேண்டாம் என்று கையை மட்டும் எடுத்தான். எழுபது வருஷத்து முகம், அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 25, புதன்

காற்று அப்படியே. ஒரு போம் நிரப்பினார்கள். பிள்ளை கேட்டாள், ஸ்டெலா பதில் சொன்னாள்.

புருஷன் பெயர்? அதை ஸ்டெலாதான் சொன்னாள். கழுத்தில் தாலி ஏறிய நாள் முதல் நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. ஸ்டெலாவின் அப்பா என்பேன், இந்தாருங்கோ என்பேன், முகாமில் பதிவுக்கு நின்றபோதுகூட விரலால் காட்டினேன். இங்கேயும் எழுதமாட்டேன்.

தொழில்? ஓடாவி. வள்ளம் கட்டுகிறவர் என்று பிள்ளைக்கு விளக்க வேண்டியிருந்தது.

இழந்தவை? வீடு ஒன்று. ஆடு நாலு. கிணற்று வாளி. கதிரை ஒன்று.

கதிரை என்றதும் பிள்ளை தலை நிமிர்ந்தாள். கதிரை, அலுமாரி என்றால் அவளுக்கு உயிர், அதற்கும் தனியாகப் படிப்பு இருக்கிறதாம். எப்படிப்பட்ட கதிரை, சொல்லுங்கோ என்றாள். சொல்லவில்லை. அது என் கதிரை.

இங்கே எழுதி வைக்கிறேன். நாங்கள் கலியாணம் கட்டிய அடுத்த வருஷம் அவர் எனக்காகச் செய்தது. வள்ளம் கட்டிய கைக்கு வேறு விதமாகச் செய்யத் தெரியாது. முதுகுக்கு வள்ளத்தின் விலாக்கட்டை போல வளைந்த வேம்பு. செப்பாணி. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருந்தார், அது கடலில் போகப்போகிற மாதிரி. செய்தது வீட்டில் இல்லை, கரையில், கடலைப் பார்க்க வைத்து. கரை மணல் கடல் பக்கம் சரிவு. அந்தச் சரிவில் நிற்க வைத்து, கடல் கோட்டைப் பார்த்து மட்டம் பிடித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் முன்கால் இரண்டு விரற்கடை உயரம், பின்கால் குட்டை. ஏறி இருந்தால் மல்லாக்கச் சாயும். நல்லாய்ப் பேசினேன். வெட்டித் தருகிறேன் என்றார். வெட்டவில்லை. ஏனென்றால் அவருக்குத் தொய்வு. நெஞ்சு இழுக்கிற நாளில் படுக்கவும் ஏலாது, நேரே இருக்கவும் ஏலாது. அந்தக் கதிரையில் சாய்ந்தால் மூச்சு வந்தது. எனக்கென்று செய்த கதிரையில் நான் இருந்த நாள் குறைவு.

ஜூலை 27, வெள்ளி

சூடை மீன் மலிவு. குழம்பு. ஸ்டெலாவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது.

நாளைக்குக் கமராக்காரனும் பிள்ளையும் பேசாலைக்குப் போகிறார்களாம். அங்கே பி. வீட்டுக்கும் போகிறார்களாம், பி.யும் ஓலைப்பெட்டி இழைப்பாளாம். ஸ்டெலா இதைச் சட்டி கழுவிக்கொண்டே எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள். அவளுக்குத் தெரியும், பி. என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று.

பி. என் புருஷனின் தங்கை. எனக்கு மச்சாள். முழுப் பெயர் எழுதி மையைக் கெடுக்கமாட்டேன்.

சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு ஓடின வருஷம் வள்ளத்தில் ஆளுக்கு ஒரு மூட்டைதான். அதனால் முதல் நாள் கதிரையை மாட்டு வண்டியில் ஏற்றிப் பேசாலையில் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வருஷம் தமிழ்நாட்டு முகாமுக்கு அவளிடம் இருந்து கடிதம் வந்தது. தலைமன்னார் வீடு எரிந்துபோயிற்று, பேசாலையில் தன் வீடும் பாதி எரிந்து கதிரையும் போயிற்று என்று. கதிரையைப் பற்றி ஒரே ஒரு வரி. ஒரு வருத்தச் சொல் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும், விற்றுப்போட்டு எழுதுகிறாள் என்று. வேம்பும் செப்பாணியும், யார் விடுவார்கள்.

முகாமில் கதிரை ஏது. தகரத்தில் முதுகை வைத்து இருந்து மூச்சு இழுத்தார். தகரம் நேரே நிற்கும், சாயாது. வெயிலுக்கு அது சுடும். ஆறாம் வருஷம் அந்தத் தகரத்தில் முதுகு இருந்தபடியே போனார்.

திரும்பி வந்து இரண்டு வருஷம். இரண்டு தரம் அவளைக் கண்டேன், இரண்டும் கோயில் வாசலில். முதல் தரம் கள்ளி என்றேன். இரண்டாம் தரமும் அதே. அவள் வாய் திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது.

ஜூலை 30, திங்கள்

ஜெசிந்தா அழுதாள். அவளுடைய தையல் மிக நேராக இருக்கிறதாம், மெசின் தையல் மாதிரி இருக்கிறதாம். மெசினில் தைத்தால் வேறு எப்படி இருக்கும். கொஞ்சம் கோணலாகத் தைத்தால்தான் கைவேலை என்று வாங்குவார்களாம். பதினைந்து வயதில் சிஸ்டர்மாரிடம் அடி வாங்கி நேர்த்தையல் பழகியவள். கோணலாகத் தைக்க வரவில்லை, மூன்று பை பிரித்தாள்.

"கண்ணை மூடிக்கொண்டு தைங்கோவன்" என்று பாத்துமுத்து சொல்ல, அழுதவள் சிரித்துவிட்டாள்.

கழுதை காயப்போட்ட இழையில் ஒரு முழம் தின்றது. அந்தக் கடித்த பாகத்தைப் பிள்ளை ஒதுக்கி வைத்திருக்கிறாள். நல்ல விளிம்பாம்.

ஓகஸ்ட் 7, செவ்வாய்

காலையில் முழங்கால் நோ. எண்ணெய் பூசினேன். பத்து மணிக்கு மண்டபம்.

கொழும்பில் அடித்த மாதிரிப் புத்தகம் வந்தது. பளபளவென்று. பக்கத்துக்கு ஒரு படம். பைகள், கூடைகள், விளக்கு மூடிகள். என் கை ஒரு முழுப் பக்கம். கீழே 'பாத்துமுத்து' என்று போட்டிருக்கிறார்கள். பாத்துமுத்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ட கைக்கு இவ்வளவு நரம்பா, திரேசம்மா? வெள்ளைக்காரன் வயசைக் கூட்டிப்போட்டான்."

சிரித்தோம். அடுத்த பக்கம் புரட்டினாள்.

பி. நிற்கிறாள். ஒரு அறைக்குள், யன்னல் வெளிச்சத்தில். பக்கத்தில் என் கதிரை.

நான் எழும்பவில்லை. கொப்பியைப் பிடிக்கிற மாதிரிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். விலாக்கட்டை. இடது கைப்பிடியில் செப்பாணி மூன்று, வலதில் இரண்டு. வலதில் ஒன்று குறைவது அன்றைக்கு ஆணி முடிந்துபோனதால். பின்கால் குட்டை. எரிந்த அடையாளம் ஒரு கரி இல்லை.

அவள் கதிரையில் இருக்கவும் இல்லை. பக்கத்தில் நின்று, கையை ஒரு மாதிரிக் கீழே நீட்டிப் பின்காலைக் காட்டிக்கொண்டு. பிள்ளை சொன்னாள், கையை மடக்கச் சொல்லியும் கேட்கவில்லையாம், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லையாம்.

அதற்கு அடுத்த பக்கத்தில் கதிரையின் கோட்டுப்படம், அளவுகளோடு. இனிக் கொழும்பில் இதைப்போல நிறையச் செய்யப் போகிறார்களாம். 'மன்னார்ச் சாய்வு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகின் இயல்பை அறிந்த கரையோர மக்களின் பழைய வடிவமாம். இதை ஸ்டெலா வாசித்துக் காட்டினாள். என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

நாளைக்குப் பேசாலை. தனியே.

ஓகஸ்ட் 8, புதன்

ஏழு மணி பஸ். தண்டவாளம் போடுகிற புழுதி பஸ்ஸுக்குள். பேசுவதற்கு வேண்டியதை வழியெல்லாம் அடுக்கி வைத்தேன்.

பி. முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டு நின்றாள். மெலிந்துபோனாள். நான் படலைக்கு வெளியே நின்றேன்.

"மச்சாள், உள்ள வாங்கோ."

"வரேல்ல. கதிரை எங்க?"

"உள்ளதான் நிக்குது. அதுக்குத்தானே வரச் சொல்லுறன்."

"எரிஞ்சுபோச்சு எண்டு எழுதினீங்கள்."

"ஓம், எழுதினனான்."

"எரியேல்ல."

"இல்லை."

இப்படி ஒரு பதிலை நான் அடுக்கி வைக்கவில்லை. சண்டைக்கு வருகிறவளிடம் ஓம், இல்லை என்றால் எங்கே பிடிப்பது. உள்ளே போனேன். கதிரை அறை மூலையில், மேலே ஒரு வெள்ளைத் துணி. துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். குங்கிலிய மணம் இன்னும் இருக்கிறது, அல்லது எனக்கு அப்படி இருந்தது.

அவள் செபப் புத்தகத்தில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தாள். மடித்த இடமெல்லாம் பிய்ந்து, ஒட்டி. முகாம் முத்திரை. எனக்கு அச்செழுத்தைவிட அவர் எழுத்து வாசிக்கச் சுகம். கொப்பி பண்ணி வைக்கிறேன், ஒரு சொல்லும் விடாமல்:

'தங்கச்சி, இவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வள்ளம் ஏற நிக்கிறாள். வீடு, கதிரை எண்டு ஒரே பாட்டு. எல்லாம் எரிஞ்சுபோச்சு எண்டு எழுது. கதிரையையும் சேர்த்து எழுது, அப்பதான் நம்புவாள். உண்மையை வாயால சொல்லாதை. நான் செத்தாலும் சொல்லாதை. மடு மாதாவாணை.'

உண்மைதான். அந்த வருஷம் நான் வள்ளம் ஏற ஆயத்தமாக நின்றேன். கதிரை இருந்தால் அவரும் பின்னால் வருவார் என்று. பி.யின் கடிதம் வந்தது. மூட்டையை அவிழ்த்தேன்.

இரண்டு தரம் வாசித்தேன். அவள் தேத்தண்ணி வைத்தாள். குடிக்கவில்லை.

"அவர் செத்த பிறகும் ஏன் சொல்லேல்ல?"

"செத்தாலும் எண்டு எழுதியிருக்கு. வாசியுங்கோ."

"இப்ப மட்டும் ஏன் கதிரையைக் காட்டினீங்கள்?"

"நான் எங்க காட்டினன்? வாயால எண்டுதான் சத்தியம். கமராவோட வந்தாங்கள். கதிரைக்குப் பக்கத்தில நிண்டன். அவ்வளவுதான்."

கோயில் வாசலில் நான் கள்ளி என்றபோது அவள் நின்ற நிலை கண்ணுக்கு வந்தது. அதையும் கேட்டேன், எப்படிப் பொறுத்தீர்கள் என்று.

"பொறுக்கேல்ல, மச்சாள். ஒவ்வொரு சொல்லும் மனசில கிடக்கு. அண்ணன் கேட்டதுக்காக வாயை மூடிக்கொண்டு நிண்டன். உங்களுக்காக இல்லை."

நல்லது. அப்படி என்றால் அப்படி. மன்னிப்புக் கேட்டிருந்தால் எனக்கு அவளைப் பிடித்திராது.

இனிமேல் முழுப் பெயர் எழுதுவேன். பிலோமினா.

ஓகஸ்ட் 9, வியாழன்

சமைக்கவில்லை. ஸ்டெலா பாண் வாங்கினாள்.

இறங்குதுறையில் சூசையிடம் போனேன். அந்த வருஷம் நான் ஏற இருந்த வள்ளம் அவனுடைய தகப்பனுடையது. அந்த ஓட்டத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அப்போது அவனும் அதில் இருந்தவன், சின்னவன்.

"ஒண்டும் நடக்கேல்ல, ஆச்சி. சுகமா வந்து சேந்தம். கடல் பாய் விரிச்ச மாதிரிக் கிடந்தது. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன்.

சுகமாக வந்து சேர்ந்தார்கள். எல்லாரும். வந்திருந்தால் கதிரை இருந்தது. கதிரை இருந்தால் மூச்சு இருந்தது. கடலுக்கும் நேவியின் துவக்குக்கும் பயந்தார், என்னையும் பிள்ளையையும் நினைத்துப் பயந்தார், சரி. எனக்குச் சொல்லியிருக்கலாம். ஏறாதே என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், ஏறாமல் விட்டிருப்பேன். சொல்லவில்லை. என்னைப் பைத்தியக்காரியாக்கிப் பொய்க் கடிதம் எழுதுவித்தார்.

ஒவ்வொரு மாரியிலும் இழுப்பு வந்த நேரம் நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு அவர் தங்கையைத் திட்டினேன். கேட்டுக்கொண்டு இருந்தார். ஐந்து வருஷம். ஒரு நாள்கூட, விடு, அவள் பாவம் என்று சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை என்று அப்போது நினைத்தேன்.

ஓகஸ்ட் 11, சனி

காற்றுக் குறைவு. கதிரை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் வந்தது. பிலோமினாவும் வந்தாள், கதிரையைப் பிடித்துக்கொண்டு, கருவாட்டுப் பொட்டலமும் ஒன்று.

வீட்டுத் திட்ட வீடு. சீமெந்து நிலம், மட்டமாகப் பூசியது. வைத்தோம். அப்படியே மல்லாக்கச் சாய்ந்து நின்றது. பழைய நிற்பு.

இது எப்படியோ கேள்விப்பட்டு ஷிவானிப் பிள்ளை ஓடி வந்தாள். கொழும்பில் ஒரு கண்காட்சி இருக்கிறதாம், அசல் கதிரை வேண்டுமாம், பத்திரமாகத் திருப்பித் தருவாளாம். இந்தச் சாய்வுதான் இதன் உயிர், எந்தப் பெரிய டிசைன்காரனும் இப்படி யோசித்ததில்லை என்று பின்காலைத் தடவினாள்.

யாரும் யோசிக்கவில்லை என்று சொன்னேன். மணல் சரிவில் மட்டம் பார்த்த பிழை. வீட்டு நிலத்தில் வைத்ததும் பிழை தெரிந்தது, வெட்டச் சோம்பல். இவ்வளவுதான் உன் மன்னார்ச் சாய்வு.

பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது இன்னும் நல்ல கதை என்று கண்ணாடிப் பலகையை எடுத்து எழுதத் தொடங்கினாள். பலகை எங்கள் தறப்பாள் பைக்குள் இருந்துதான் வந்தது.

ஸ்டெலாவிடம் மரம் அரிகிற வாளைக் கேட்டேன். அவள் ஏன் என்று கேட்டாள். பிலோமினா கேட்கவில்லை. கதிரையைக் கவிழ்த்தாள். நான் முன்கால் இரண்டிலும் விரலை வைத்து அளந்தேன், இரண்டு விரற்கடை, கரித்துண்டால் கோடு. பிறகுதான் பிள்ளைக்கு விளங்கியது.

"ஐயோ ஆச்சி, வெட்டாதீங்க. இந்தச் சாய்வு போனா இது சும்மா ஒரு கதிரை."

"எனக்குச் சும்மா ஒரு கதிரைதான் செய்து தாறன் எண்டவர், பிள்ளை."

ஒரு கால் நான். மற்றக் காலுக்குக் கை ஏலாமல் போக, பிலோமினா வாங்கி அரிந்தாள். வேம்பு இரும்பாய் இருந்தது. இரண்டு பேருக்கும் வியர்வை. நிமிர்த்தி வைத்தோம். முகாம் தகரம் மாதிரி நேரே நின்றது. முதலில் பிலோமினா இருந்து பார்த்தாள், மட்டம் என்றாள். பிறகு நான். என் கதிரையில்.

வெட்டிய இரண்டு துண்டையும் பிள்ளை கேட்டாள், கண்காட்சியில் அதையாவது வைக்கலாம் என்று. அடுப்பில் வைத்துப் பிலோமினாவுக்குத் தேத்தண்ணி போட்டேன். நானும் குடித்தேன். குங்கிலியம் ஏறிய மரம், நல்லாய்ப் பிடித்தது.

கதிரை எரிந்ததாக எழுதச் சொன்னவர். இரண்டு விரற்கடை இன்றைக்கு எரிந்தது. அவ்வளவுக்கு அவர் சொன்னது உண்மை.

பிலோமினா என்னை மன்னிக்கவில்லை, அது அவளுடைய பாடு. நான் அவளிடம் பிடித்த கோபத்தை விட்டுவிட்டேன், அதற்கு வேறு ஆள் இருக்கிறது. இத்தனை வருஷம் வாயில் வராத பெயர். எழுதுகிறேன். இவரை மன்னிக்கமாட்டேன்.

சந்தியோகு.